சுவரொட்டி பேசுது, கல்லூரி ஊமையா இருக்குது!

தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவர்களுக்கு இது புது விஷயம் இல்லை. பெட்டிக்குள் தலை நிமிர்ந்தால் ஒரு துண்டுச் சீட்டு. "மேக நோயா? ஆண்மைக் குறைவா? ரகசிய சிகிச்சை!" கீழே ஒரு செல்போன் நம்பர். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, பாலத்துத் தூண், மின்சாரக் கம்பம் என்று எங்கே பார்த்தாலும் இதே பாட்டுதான்.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? கிடையாது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. பால்வினை நோயைக் குணமாக்குவேன், ஆண்மையைக் கூட்டுவேன் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவையே 6 மாதம் வரை ஜெயில் உண்டு. சட்டம் வந்து 70 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுவரில் பசை மட்டும் இன்னும் காயவில்லை!

இந்தச் சீட்டை யார் படிக்கிறார்கள்? கல்லூரி மாணவர்கள்தான். ஏன் படிக்கிறார்கள்? வேறு யாரும் அவர்களிடம் இதைப் பேசுவதில்லை. வீட்டில் பேச்செடுத்தால் அப்பா இருமுவார். வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று வாத்தியார் பக்கத்தைப் புரட்டுவார்.

லேகியத்தின் ரகசியம்

கிரந்தி என்று நம் பெரியவர்கள் சொன்ன சிபிலிஸ் நோயை எடுத்துக் கொள்ளுங்கள். மறைவிடத்தில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. மருந்தே சாப்பிடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும்.

அதற்குள் மாணவன் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் 'வைத்தியரிடம்' போயிருப்பான். ஹாஸ்டல் பணத்தைக் கொடுத்து லேகியம் வாங்கியிருப்பான். புண் ஆறியதும், "மச்சான், கைராசிக்காரர்டா!" என்று நண்பனையும் அனுப்பி வைப்பான்.

கிருமி எங்கேயும் போகவில்லை. உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வருஷங்கள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கலாம். நாளைக்குக் கல்யாணம் ஆனால் மனைவிக்கும், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகலாம். ஆரம்பத்திலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பெரும்பாலும் ஒரு பென்சிலின் ஊசியோடு முடிந்திருக்கும்!

பெண்கள் பாடு இன்னும் மோசம். வெட்டை நோயும் கிளமிடியா தொற்றும் பல பெண்களுக்கு ஒரு அறிகுறியும் காட்டாது. உள்ளுக்குள் கருக்குழாய் அடைத்துப் போகலாம். பிற்பாடு "குழந்தை இல்லை" என்ற ஏச்சு யாருக்கு? அவளுக்குத்தான்.

நோயே இல்லாமல் ஏமாறுகிற கூட்டமும் உண்டு. சொப்பன ஸ்கலிதம் வாலிப வயதில் இயற்கையாக வருவது. அது நோயே அல்ல. அதைச் சொல்லிப் பயமுறுத்தியே பலர் பங்களா கட்டி விட்டார்கள்.

"சொன்னால் கெட்டுப் போவான்!"

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க கெட்டுப் போகும் சார்" என்பார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ 2018-ல் என்ன சொன்னது? இந்தக் கல்வியால் இளைஞர்களிடம் உடலுறவு அதிகமாவதில்லை என்றது. கெடுக்கிற சமாசாரம் எல்லாம் ஏற்கெனவே அவன் கையில் இருக்கும் செல்போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. காப்பாற்றுகிற சமாசாரம்தான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிப் பார்த்ததும் நாம்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள். எங்கே? இதே சென்னையில்!

மாணவனுக்கும் மாணவிக்கும் தெரிய வேண்டியது மலையளவு இல்லை. ஒழுங்காகப் பயன்படுத்தும் ஆணுறை எச்.ஐ.வி.யையும் பல பால்வினை நோய்களையும் பெருமளவு தடுக்கும். தொற்றியிருக்குமோ என்ற பயம் வந்தால், 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். ரகசியம் வெளியே போகாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக எந்தக் கல்லூரியும் ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. அதற்கான சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்து விட்டது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

அண்ணாச்சி! 1968-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக 'நிரோத்' வந்தபோது, டீத்தூளும் சோப்பும் விற்ற கம்பெனிகள்தான் அதைக் கடை கடையாகக் கொண்டு சேர்த்தன. 3 நிரோத் 15 காசு. இன்றைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு வாலிபன் அதைக் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறீர்கள். நமுட்டுச் சிரிப்பு வேறு! அவன் தும்மல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறான். அந்தச் சிரிப்புக்கு விலை அவன் உடம்பு.

கல்லூரி முதல்வர்களே! செஞ்சுருள் சங்கம் உங்கள் கல்லூரியிலும் இருக்கலாம். டிசம்பர் 1-ந் தேதி கோலப் போட்டி, ஊர்வலம், போட்டோ, அதோடு சரி என்றால் போதுமா? முதல் வருஷ மாணவ-மாணவிகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரசு டாக்டரைக் கூப்பிடுங்கள். பேர் எழுதாமல் சீட்டுப் போட ஒரு பெட்டி வையுங்கள். பிறகு பாருங்கள், எத்தனை கேள்வி வந்து விழுகிறதென்று!

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யலாம். எய்ட்ஸ் சம்பந்தமான சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல 1097 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரிக் கழிப்பறைக் கதவிலும் அந்த நாலு எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். லாட்ஜ் வைத்தியருக்கு இருக்கிற சுறுசுறுப்பு நமக்கு இருக்கக் கூடாதா?