நிழல் வேறு, இருட்டு வேறு

சம்பா அறுப்புக்கு முன்னே உளுந்து தெளிக்க விதையைக் கையில் எடுக்கும்போதுதான் நம்மில் பலருக்கு டிரைக்கோடெர்மா விரிடி ஞாபகம் வருது. கிலோ விதைக்கு 4 கிராம், வேரழுகலுக்குக் காவல். அதையே தொழுவுரத்தில் பெருக்கி வயலுக்குப் போடுவோம் என்று போன வருசம் எங்கள் குழுவில் இறங்கினோம். மக்கிய தொழுவுரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா பொடி 2 கிலோ. "வெயில் படக்கூடாது" என்று பயிற்சியில் சொன்னதை நாங்கள் வெளிச்சமே ஆகாது என்று எடுத்துக்கொண்டு, கருப்புத் தார்ப்பாயால் மூடி கொட்டகையின் இருட்டு மூலையில் வைத்துவிட்டோம். 15 நாள் கழித்துப் பிரித்தால் எல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். தார்ப்பாய் கிழிந்த இடத்தில் மட்டும் கையகலத்துக்குப் பச்சை! (அந்த வழியாகக் காற்றும் போயிருக்கும், மறுக்கவில்லை.)

அந்தப் பச்சைதான் வித்து. வெள்ளை இழை காய்ந்தால் சாகும். வித்து காய்ச்சலைத் தாங்கி மண்ணில் காத்துக் கிடக்கும். இருட்டில் இந்தப் பூஞ்சணம் பெரும்பாலும் இழையாகவே ஓடும். கொஞ்ச நேரம் நீல ஒளி பட்டாலே போதும், வித்துக் கட்டத் தொடங்கிவிடும். மெக்சிகோ விஞ்ஞானிகள் 2004-ல் இதன் நெருங்கிய உறவான டிரைக்கோடெர்மா அட்ரோவிரிடியில் காரணத்தைக் காட்டினார்கள். நீல ஒளியை உணர்ந்து மற்ற மரபணுக்களை எழுப்பிவிட பி.எல்.ஆர்.-1, பி.எல்.ஆர்.-2 என்று இரண்டு மரபணுக்கள் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டாலும் வெளிச்சம் காட்டி வித்து வரவில்லை.

மரபணு என்றாலே நமக்கு பி.டி. கத்தரிக்காய்தான் கண்ணில் நிற்கும். 2010-ல் அதை நிறுத்திவைக்கும்வரை போராடியவர்கள் ஆச்சே, நிற்கத்தான் செய்யும். ஆனால் மரபணுவை மாற்றுவது வேறு, அது எதற்கு எழும், எதற்குத் தூங்கும் என்று தெரிந்துகொள்வது வேறு. இரண்டாவதையும் சேர்த்து ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். சிப்பிக் காளான் போடுகிறவர்களைக் கேளுங்கள்: இருட்டிலேயே விட்டால் காம்பு நீண்டு குடை சிறுக்கும். அவர்கள் என்றோ கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே நம் பயிற்சிகளில் "நிழலில் வை" என்பதோடு "இருட்டில் வைக்காதே" என்றும் சொல்லித்தர வேண்டும். நேர் வெயில் வித்தைக் கொல்லும், அதில் மாற்றம் இல்லை. வேண்டியது பகலின் மங்கல் வெளிச்சம். மஞ்சள் குண்டு பல்பில் நீலம் குறைவு, அதை நம்ப வேண்டாம். பச்சையெல்லாம் டிரைக்கோடெர்மாவும் அல்ல. கருப்புப் பொடி தட்டினால் அந்தப் பகுதியை வழித்துப் போடுங்கள்.

இந்த வருசம் எங்கள் குவியல் கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஈரச்சாக்கில் கிடக்கிறது. தினம் காலையில் அரைமணி நேரம் சாக்கை விலக்கி, கிளறிவிட்டு மூடுகிறோம்.