டிரங்குப் பெட்டியில் ஒரு பட்டாளத்துக் கோட்டு

"பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று தெருவில் குரல் கேட்டதும் நம்மில் பல பேருக்குப் பரண் மேல் இருக்கிற டிரங்குப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஜரிகைப் புடவையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வோம். அடியில் கிடக்கிற முரட்டுக் காக்கிக் கோட்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள் சகோதரிகளே, முதலில் அதன் பொத்தானைப் பாருங்கள்!

எங்க வீட்டுக்காரரின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் போய் வந்தவர். அவருடைய கோட்டில் ஆரம்பித்தது, இப்போது என்னிடம் நாலு சேர்ந்துவிட்டது. வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர். எங்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்த குடவோலைக் கல்வெட்டைப் படிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஒரு கோட்டைப் படிக்க அவ்வளவு படிப்பு வேண்டாம், நல்ல வெளிச்சம் இருந்தால் போதும்.

பொத்தானில் கிரீடம் இருந்தால் அது வெள்ளைக்காரர் காலத்து வழி வந்தது. 1947-ல் சுதந்திரம் வந்தும் கிரீடம் உடனே போய்விடவில்லை. 1950 ஜனவரி 26-ல் குடியரசு ஆன பிறகுதான் அந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது. யானை இருந்தால் சந்தோஷப்படுங்கள், நம்ம மதராஸ் ரெஜிமென்ட்டாக இருக்கலாம். 1803-ல் அஸ்ஸாயி என்ற இடத்தில் நடந்த சண்டையின் ஞாபகமாக வந்த யானை அது.

அடுத்து உள்பக்கத் துணியைப் பாருங்கள். காக்காய்க் கால் மாதிரி மூன்று கோடு போட்ட அம்புக்குறி முத்திரை இருந்தால் அது சர்க்கார் சரக்கு. நிறமும் பேசும். பாலைவனச் சண்டைக்குக் காக்கி, பர்மாக் காட்டுச் சண்டைக்குப் பச்சை. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்கு ஆலிவ் பச்சை. நம்ம ஆவடியிலேயே 1961-ல் ராணுவ உடுப்புத் தொழிற்சாலை வந்துவிட்டது.

தோள்பட்டையில்தான் எல்லோரும் ஏமாறுவது. பக்கத்துத் தெருப் பாட்டி ஒருத்தர், 1971 சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்த தம் வீட்டுக்காரரின் கம்பளிக் கோட்டை ஓர் எவர்சில்வர் அன்னக்கூடைக்குக் கொடுக்க இருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். தோளில் இரண்டு நட்சத்திரம். "தாத்தா லெப்டினென்ட்!" என்றான் பேரன். நட்சத்திரத்தோடு சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நாடாவும் தைத்திருந்தது. அந்த நாடா இருந்தால் லெப்டினென்ட் இல்லை, சுபேதார். சிப்பாயாகச் சேர்ந்து, கையில் வி மாதிரிப் பட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று வாங்கி, நாயக், ஹவில்தார் எல்லாம் தாண்டி வருகிற பதவி. பையன் முகம் வாடிவிட்டது. பாட்டிக்கோ ஒரே சிரிப்பு. "சுபேதார்னுதாம்மா அவரும் சொல்வார். இவனுங்கதான் பெரிசாக்கிட்டானுங்க. அந்த நாடாவுக்கு அவர் இருபத்து மூணு வருஷம் ஊரை விட்டு இருந்தார்" என்றார். அன்னக்கூடை வரவில்லை. கோட்டு உள்ளே போய்விட்டது.

சரி, வைத்துக்கொண்டால் எப்படிக் காப்பாற்றுவது? கம்பளியை வெந்நீரில் போட்டீர்களோ, சுருங்கிக் கெட்டியாகிவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, நிழலில் காற்றாட விட்டாலே போதும். பித்தளைப் பொத்தானைப் புளி போட்டுத் தேய்க்க நமக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம்! துணியில் கறை இறங்கும், பொத்தானில் உள்ள உருவமும் தேயும். பட்டாளத்தில்கூடப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு பிளவுத் தகட்டைச் செருகி, துணியில் படாமல்தான் பாலிஷ் போடுவார்களாம். கம்பிக் கொக்கியில் மாட்டினால் தோள் தொங்கிவிடும். துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிப் படுக்க வையுங்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சின்னத் துணி மூட்டையாகக் கட்டிப் பக்கத்தில் போடலாம், ஆனால் மாதம் ஒரு முறை திறந்து பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

பாச்சை உருண்டை போடுகிற பெட்டியில் கைக்குழந்தையின் துணியைச் சேர்த்து வைக்காதீர்கள். பிறவியிலேயே ஒருவகை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசனை பட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். அந்தக் குறைபாடு இருப்பது வெளியே தெரியாது.

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குக் கோட்டின் கையை வெட்டிக் கொடுக்கிற அம்மாக்களும் உண்டு. கடையில் இருபது ரூபாய்க்கு அட்டைத் தொப்பி கிடைக்கிறதே!

வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர், பட்டாள நம்பர், ரெஜிமென்ட், எந்த ஊரில் இருந்தார் என்பதை ஒரு காட்டன் நாடாவில் பென்சிலால் எழுதிக் காஜாவில் கட்டிவிடுங்கள். குண்டூசி மட்டும் வேண்டாம், துருப்பிடித்துத் துணியை அரித்துவிடும்.