பிராது யார் மேல், விசாரணை யாரிடம்?

போலீஸுக்குப் பணம் போதவில்லையாம்! ஜீப் வேண்டுமாம், கேமரா வேண்டுமாம். அதைக் கொடுத்துவிட்டால் லாக்கப்பில் அடி நின்றுவிடுமாம்!

இப்படிப் பேசும் கனவான்களைக் கேட்கிறோம்: சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இல்லாமலா போயிற்று? இருந்தது. 2020 ஜூனில் ஒரு தந்தையும் மகனும் அங்கே இரவில் வதைபட்டு, சில நாட்களில் கோவில்பட்டியில் உயிர்விட்டார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? படத்தைச் சேமித்து வைக்கத் தாராளமாக இடம் இருந்தும், அன்றன்றைய படம் அன்றன்றே தானாக அழியும்படி செய்து வைத்திருந்தார்கள். ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கிய கேமரா!

ஆக, பணமல்ல விஷயம். போலீஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே விஷயம். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொன்னது: போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும். ஏழு வருஷம் கழித்து, 2013-ல், தமிழ்நாட்டுச் சட்டசபையில் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நியமித்த தலைவர் யார்? உள்துறைச் செயலாளர்! உறுப்பினர்? டி.ஜி.பி.! ஜில்லாவில்? கலெக்டர் தலைவர், போலீஸ் சூப்பிரண்டு உறுப்பினர்! வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானே நீதிபதி. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

வெள்ளைக்காரன் நியமித்த கமிஷன்கூட இவ்வளவு வெட்கமில்லாமல் பேசவில்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் ஜனங்களை வதைத்ததை 1855-ல் அது ஒப்புக்கொண்டது. சித்திரவதையைக் காட்டிலும், அடிபட்டவன் நியாயம் தேட வழியில்லாமல் நின்றதுதான் தன் மனதை அதிகம் வருத்தியது என்றும் எழுதியது. வரி வசூலும் போலீஸும் அன்று ஒரே கையில் இருந்தன. பிறகு பிரித்தார்கள். 2013 சட்டமோ போலீஸ் மீதான பிராதை மறுபடி கலெக்டர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தது.

சாதாரணக் காவலருக்கும் இதில் லாபமில்லை. சாத்தான்குளத்தில் நடந்ததைத் துணிந்து சாட்சி சொன்னவர் அதே ஸ்டேஷனிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். மேலதிகாரி மேல் சொல்லும் புகார் அந்த மேலதிகாரியின் கூட்டாளிகளிடமே போகும் என்றால், அடுத்த ஸ்டேஷனில் இன்னொருவர் வாய் திறப்பாரா?

2006 உத்தரவுப்படி ஓய்வுபெற்ற நீதிபதியை உட்கார வையுங்கள். மானியக் கோரிக்கையை அதன் பிறகு கொண்டு வாருங்கள்.