கயிற்றை அவிழ்த்தால் போதுமா?

மறைக்கல்விக்கு வரும் நம் சிறுவர்களின் மணிக்கட்டை நாம் என்றாவது உற்று நோக்கியிருக்கிறோமா? செபமாலை பிடித்த அந்தக் கையில் வண்ணக் கயிறு ஒன்றும் கட்டப்பட்டிருக்கலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்னும் அவ்வண்ணங்கள் வெறும் அழகுக்கானவை அல்ல என்பதைத் தென் மாவட்டங்களில் வாழும் நாம் நன்கு அறிவோம். எந்தக் கயிறு எந்தத் தெருவுக்குரியது என்பதை நம் பிள்ளைகள் நம்மினும் தெளிவாக அறிவார்கள். ஆயினும் "குழந்தைகளுக்கு என்ன தெரியும்?" என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இந்தச் சொல் பொய் என்பதை எடுத்துரைக்கவே இதை எழுதுகிறோம்.

2023 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நினைவுகூர்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற தலித் மாணவர் ஒருவரை அவருடைய வீட்டிற்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். வெட்டியவர்கள் கூலிப்படையினர் அல்லர். அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அவர்களுடைய தொல்லை தாளாமல் பள்ளிக்குச் செல்லாதிருந்த அம்மாணவர், ஆசிரியர்கள் கேட்டதன்பேரில் நடந்ததைச் சொன்னார். சொன்னதற்குக் கிடைத்த மறுமொழி அரிவாள்.

இதன் பின்னர் தமிழக அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் திங்களில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. வண்ணக் கயிறுகளையும் சாதி அடையாளங்களையும் பள்ளிகளில் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச் சொற்களை நீக்குதல், மாணவரை அகர வரிசையில் அமர்த்துதல், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைத் திருத்துதல் எனப் பல பரிந்துரைகள் அதில் இடம்பெற்றன. நல்லவைதாம். ஆனால் மணிக்கட்டிலுள்ள கயிற்றைத் தலைமையாசிரியர் கத்தரித்து எறியலாம்; மனத்திலுள்ள முடிச்சை யார் அவிழ்ப்பது? அந்த முடிச்சைப் போட்டது பள்ளிக்கூடம் அன்று. அது வீட்டில் போடப்பட்டது, தெருவில் இறுக்கப்பட்டது. கோயில் முற்றத்திலும் அது அவிழ்க்கப்படவில்லை என்பதே நம் துயரம்.

இவ்வாறு சொன்னவுடன் நம்மவர் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறோம். அவர்கள் முன்வைக்கும் மறுப்புகள் மூன்று. ஒவ்வொன்றையும் நேர்மையோடு எதிர்கொள்வோம்.

முதல் மறுப்பு: "சாதியைப் பற்றிப் பேசப் பேசத்தான் சாதி வளரும், பேசாமல் விட்டால் தானே மறைந்துவிடும்." பேசாமல் விட்டதால் நோய் மறைந்த வரலாறு நம்மிடம் இல்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் இரு சாதியாரும் பீடத்தைக் காணவும் ஒருவரையொருவர் காணாதிருக்கவும் நடுவே சுவர் ஒன்று நின்றது. அது தானே உதிர்ந்து விழவில்லை. 1910-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதன்பொருட்டு வழக்கும் எழுந்தது. 2008 மார்ச் 9-ஆம் நாள் எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களிடையே மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அங்குப் பேச்சு மிகுந்ததாலா மோதல் எழுந்தது? பேசவேண்டிய காலத்தில் பேசாததால் அன்றோ! 2003-ஆம் ஆண்டில் தமிழக ஆயர்களிடம் உரையாற்றியபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதி மனப்பான்மையை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் குறித்த கொள்கை அறிக்கையும், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. திருத்தந்தையும் ஆயர்களும் பேசிய பிறகும் பொதுநிலையினராகிய நாம் மௌனம் காப்பது பணிவாகாது; அது வசதி.

இரண்டாம் மறுப்பு: "நாங்கள் யாரிடமும் வேற்றுமை பார்ப்பதில்லை." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய்யர் அல்லர். மெய்யாகவே அப்படி நம்புகிறார்கள். இங்குதான் நாம் கற்கவேண்டியது இருக்கிறது. மனிதர் தாம் அறிந்தே வெறுப்பது ஒன்று. தாம் அறியாமலே ஒரு பக்கம் சாய்வது மற்றொன்று. செகந்திராபாத்தில் வளர்ந்து அமெரிக்காவில் பேராசிரியரான மஹ்சரின் பானாஜி, அந்தோணி கிரீன்வால்டு முதலிய உளவியலாளர்கள் 1990-களிலிருந்து ஆராய்ந்து வருவது இந்த இரண்டாம் வகையைத்தான். வெறுப்பே இல்லாதவர் எனத் தம்மைக் கருதுவோரிடமும், சூழலிலிருந்து ஊறிய சாய்வு கணப்பொழுதில் தலைகாட்டுகிறது என்பது அவர்களுடைய முடிவு.

இந்தப் பேராசிரியர்களுக்கு நெடுங்காலம் முன்பே நமக்கு நத்தனியேலைத் தெரியும். கபடற்றவர் என்று இயேசுவிடமே சான்று பெற்றவர் அவர். ஆயினும் நாசரேத்து என்ற ஊர்ப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அங்கிருந்து நல்லது எதுவும் வருமோ என்று ஐயுற்றார். கபடற்ற நெஞ்சிலும் ஊரைக் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கம் குடியிருந்தது. "நீங்க எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்று நாம் கேட்கும் கேள்வி எதற்கென்பது நமக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும்.

இச்சாய்வு வெறும் எண்ணமாக நின்றுவிடுவதில்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகிய இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாளேடுகளில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதிகளோடு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர் மட்டுமே வேறு. தலித் எனத் தெரியும் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது. அழைக்காதவர்களுள் எத்தனை பேர் தம்மைச் சாதி வெறியர் என ஒப்புக்கொள்வார்கள்?

பிள்ளைகளிடம் இது செய்யும் கேடு இன்னும் கொடியது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி சொல்லப்படாதபோது இருதரப்புச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தார்கள். ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை அனைவர் முன்னும் உரக்க வாசித்த பின், தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. அச்சிறுவர்களின் அறிவு ஒரு நொடியில் குறைந்துவிட்டதா? இல்லை. தம்மைப் பற்றி மற்றவர் கொண்ட மதிப்பீடு அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டது. உதவித்தொகை வந்திருக்கிறது என்று வகுப்பறையில் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தும் ஆசிரியர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். அவர்களுள் நம்மவரும் உண்டு.

மூன்றாம் மறுப்பு: "இது ஒருசில முரடர்களின் வேலை, காவல்துறை பார்த்துக்கொள்ளும்." முரடர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. தீவிரவாதம் என்றவுடன் நம் நினைவு தொலைதேசங்களுக்கும் பிற சமயத்தாருக்கும் ஓடுகிறது. ஒரு கூட்டத்தாரின் பெருமைக்காக மற்றவரின் உயிரைப் பறிப்பது முறையே என்று பதினாறு வயதுச் சிறுவன் நம்பத் தொடங்கினால், அதற்கு வேறு என்ன பெயர்? கைப்பேசியில் வீரப் பாட்டும் அரிவாள் படமும் வந்து குவிகின்றன. தலைவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தில் அவனுக்கு ஒரு கொடி கிடைக்கிறது. வீட்டில் மதிப்பில்லாத, படிப்பில் பின்தங்கிய சிறுவனுக்கு அந்தக் கூட்டம் முதன்முதலாக "தம்பி" என்று பெயரிட்டுத் தோளில் கை போடுகிறது. அந்தக் கையை நாம் போட்டிருக்கலாம். நாம் போடவில்லை.

இங்கே உள்ளக் காயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கொடுமையைக் கண்டவரின் உடலும் மனமும் ஆண்டுக்கணக்கில் அச்சத்திலேயே விழித்திருக்கும் நிலையை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980-இல்தான் தனி நோயாகப் பட்டியலிட்டது. தூக்கமின்மை, திடுக்கிடல், கவனச் சிதறல், காரணமற்ற சினம் ஆகியவை அதன் அடையாளங்கள். கலவரத்தில் வீடு எரிந்ததைக் கண்ட பிள்ளை வகுப்பில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைச் "சோம்பேறி" என்கிறோம். எரிந்து விழுந்தால் "திமிர்" என்கிறோம். காயத்திற்கு மருந்திடாமல் பட்டம் சூட்டுகிறோம். வமிக் வோல்கன் என்னும் உளமருத்துவர் மற்றொன்றையும் சுட்டிக்காட்டினார்: ஒரு சமூகம் தன் பழைய காயத்தை ஆற்றாமல் தலைமுறை தலைமுறையாக ஏந்திச் செல்லும், தலைவர்கள் வேண்டும்போது அதைக் கிளறிப் படை திரட்டுவார்கள். ஒடுக்கப்பட்டவரின் காயமும் ஒடுக்கியவர் தாம் இழந்ததாக எண்ணும் பெருமையும் ஒன்றல்ல; இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநீதி. எனினும் ஆறாத எதையும் யாரோ ஒருவர் அரசியல் மூலதனமாக்குவார் என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் என்ன செய்வது? ஒருநாள் கருத்தரங்கு நடத்தி, பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்துக்கொண்டால் ஆயிற்றா? ஆகாது. உள்மனச் சாய்வைக் குறைக்கும் ஒன்பது வழிகளைக் கால்வின் லாய் முதலிய ஆய்வாளர்கள் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பதும் உடனடியாகப் பயன் தந்தன. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ ஒன்பதின் பயனும் கரைந்துபோயிற்று. தவக்காலப் பிரசங்கத்தில் கண்ணீர் விட்டு, உயிர்ப்பு ஞாயிறன்று பழைய பகைக்குத் திரும்பும் நமக்கு இது வியப்பளிக்காது.

மனிதரை மாற்றுவது சேர்ந்து வாழும் பழக்கமே. சமநிலை, பொது நோக்கம், கூட்டுழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் அமைந்தால்தான் நெருக்கம் பகையைக் குறைக்கும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். மேட் லோ என்பவர் உத்தரப் பிரதேசத்தில் 1261 இளைஞர்களை வைத்து நடத்திய கிரிக்கெட் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரெதிர் அணியில் சந்தித்தவர்களிடையே உறவு தளர்ந்தது.

இதை வாசித்தபோது நம் திருவிழா விளையாட்டுப் போட்டிகள் நம் நினைவுக்கு வந்தன. மேலத்தெரு அணி, கீழத்தெரு அணி என்று தெருவாரியாகப் பிரித்து, மாதாவின் பெயரால் கோப்பையும் கொடுத்து, பகைக்கு ஆண்டுதோறும் நாமே உரமிடுகிறோம். நம் அன்பியங்களும் தெருவாரியாகவே அமைகின்றன. ஒரு தெரு ஒரு சாதி என்றிருக்கும் ஊரில், அன்பியம் சாதிச் சங்கத்தின் செபக் கூட்டமாகச் சுருங்குவதை யார் தடுப்பது?

ஆகவே நாம் கேட்பது பெரும் பொருட்செலவு பிடிக்கும் திட்டங்களை அன்று. திங்களுக்கு ஒருமுறையேனும் இரு தெருக்களின் அன்பியங்கள் ஒருவர் வீட்டில் கூடி, அவ்வீட்டில் சமைத்ததை உண்ணட்டும். உண்ணாமல் எழுந்து வருவோர் யார் என்பதும் அன்று தெரிந்துவிடும். விளையாட்டு அணிகளும் பாடகர் குழுவும் பீடச் சிறுவர் குழுவும் கலந்தே அமையட்டும். தேர் எல்லாத் தெருக்களுக்கும் செல்லட்டும். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருப்பின் அது விழட்டும். மறைக்கல்வி ஆசிரியர்களும் இளையோர் இயக்கப் பொறுப்பாளர்களும் உள்ளக் காயத்தின் அடையாளங்களை அறியவும், உரிய மருத்துவரிடம் அனுப்பவும் பயிலட்டும். தொல்லைக்குள்ளான பிள்ளை முறையிட்டால், முறையிட்டதற்காகவே அது தாக்கப்படாதவாறு காக்கும் பொறுப்பைப் பங்குப் பேரவை ஏற்கட்டும். பங்குத்தந்தை தொடங்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். பங்குத்தந்தையர் மாறுவர், ஊரில் இருப்பவர் நாமே.

கல்வியால் இதெல்லாம் மாறுமா என ஐயுறுவோருக்கு நியாங்கே என்னும் ஊரை நினைவூட்டுகிறோம். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருந்த ருவாண்டா நாட்டில் உள்ளது அவ்வூர். 1994 ஏப்ரலில், அடைக்கலம் தேடி அவ்வூர் ஆலயத்திற்குள் புகுந்திருந்த துத்சி மக்கள்மீதே அந்த ஆலயம் இடித்துத் தள்ளப்பட்டது. அதற்கு உடந்தையாயிருந்த குருவைப் பன்னாட்டு நீதிமன்றம் தண்டித்தது. 1997 மார்ச் 18 இரவில் அதே ஊரின் பள்ளிக்குள் ஆயுதக் கும்பல் நுழைந்து, ஹுத்துக்கள் ஒருபுறமும் துத்சிகள் மறுபுறமும் பிரிந்து நிற்குமாறு மாணவருக்கு ஆணையிட்டது. தாங்கள் அனைவரும் ருவாண்டா நாட்டினரே என்று சொல்லி, பிரிய மறுத்தனர் அம்மாணவர்கள். அவர்களுள் சிலர் அங்கேயே உயிர் நீத்தனர்.

மூன்றே ஆண்டுகளுக்கு முன் பெரியோர் தோற்ற ஊரில் பிள்ளைகள் வென்றார்கள். நம் பிள்ளைகளை இப்படி ஒருவன் பிரிந்து நிற்கச் சொன்னால் என்ன செய்வார்கள்? சொல்வதற்கு முன்பே அவர்கள் பிரிந்து நிற்கிறார்கள் என்பதே உண்மையானால், அவர்களைப் பிரித்து நிறுத்தியவர்கள் நாம்தாம்.

நத்தனியேலோடு பிலிப்பு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் தம் ஐயத்தை விட்டுவிட்டுப் போகவில்லை; ஐயத்தோடே எழுந்து நடந்தார். அடுத்த தெருவுக்கு நடக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்?