சிரிப்பின் விலையை யார் கொடுப்பது?

கைபேசியில் ஓடும் சிரிப்புப் படத்தில் படுக்கையறைப் பகிடி ஒன்று வந்துவிட்டால் போதும், வீடு இரண்டு கட்சியாகிவிடும். "எங்கட பண்பாட்டைக் கெடுக்க வெளியில இருந்து வந்த குப்பை" என்பார் ஒருவர். "பகிடிதானே, விடுங்கோ" என்பார் மற்றவர். இரண்டு பேச்சும் யோசனைக்கு இடம் வைப்பதில்லை. ஒரு பழைய ஆங்கிலப் படத்தை முன்னால் வைத்து இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கிறஹாம் ஸ்டார்க் இயக்கி 1971இல் வந்த 'த மக்னிஃபிசன்ட் செவன் டெட்லி சின்ஸ்' ஏழு சிறு நகைச்சுவைகளின் கோவை. அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் ஆகிய தலையான பாவங்கள் ஏழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. குருத்துவக் கல்லூரி இருக்கும் கொழும்புத்துறையிலும் அதையடுத்த கரையோரப் பங்குகளிலும் ஞானோபதேசம் படித்த எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம்.

பிரிட்டனில் அது கட்டுகள் தளர்ந்த காலம். நாடகங்களை மேடையேறுமுன்பே தணிக்கை செய்யும் 1737ஆம் ஆண்டு ஏற்பாடு 1968இல் ஒழிந்தது. 'எக்ஸ்' சான்றிதழ்ப் படம் பார்க்கும் வயது 1970இல் 16இலிருந்து 18 ஆனது. பார்ப்பவர் வளர்ந்தவர் என்று உறுதியானதும் காட்டுவதில் துணிச்சல் கூடியது.

அகங்காரக் கதையில், ஒடுக்கமான நாட்டுப்புறப் பாதையில் ஒரு செல்வந்தரின் காரும் ஒரு சாதாரண மனிதரின் காரும் எதிரெதிரே வந்து நின்றுவிடுகின்றன. பின்னால் எடுக்க இருவருக்கும் மனமில்லை. வேலிகளுக்கு நடுவே ஓடும் எங்கள் ஒழுங்கைகளில் இரண்டு ஓட்டோக்கள் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மோகக் கதையில், நிலக்கீழ் ரயில் நிலையத்தில் பெண் துணை தேடி அலையும் ஒருவர் தன் அசட்டுத்தனத்தாலேயே தோற்றுப்போகிறார். சிரிப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஆனால் படத்தின் வேறு பல இடங்களில் பெண்கள் கண்ணுக்கு விருந்தாக வந்து போகிறார்கள், அவ்வளவுதான்.

துண்டுக் கதைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சிரிக்க வைக்க வேண்டும். ஓர் ஆளை வளர்த்துக் காட்ட நேரமில்லை. எழுதுபவரின் கை, ஏற்கெனவே எல்லோரும் சிரித்துப் பழகிய உருவங்களை எடுத்துவிடுகிறது: குண்டானவர், திக்குவாயர், அடங்காத மனைவி, அரைகுறை ஆடைப் பெண்.

இது வெளியிலிருந்து வந்த நோயும் அல்ல. எங்கள் இசை நாடகத்துக்கு உறவான மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும். மூலக்கதைக்கு முந்திய பொழுது பபூனுக்குரியது. அவர் தனியாகப் பேசிச் சிரிக்க வைப்பார். பிறகு ஆட்டக்காரப் பெண் வருவார், இருவருக்குமிடையே இரட்டை அர்த்தப் பேச்சு களைகட்டும். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்தக் கலைஞர்களைப் பற்றி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். மேடையில் ஒட்டிய அவப்பெயர் அந்தப் பெண்களை மேடைக்கு வெளியேயும் விடுவதில்லை என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். நாடகத்துக்குப் போய்வரும் வழியில்கூட, பிறர் கண்ணில் படாமல் பயணம் செய்ய அவர்கள் பாடுபடுகிறார்கள். சபை முழுவதும் சேர்ந்து சிரித்த சிரிப்புக்கு அதிக விலை கொடுப்பவர் அந்தப் பெண்.

இப்படித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. என். எஸ். கிருஷ்ணனின் 'சிரிக்காதே' 1939இலேயே சிறு நகைச்சுவைகளைக் கோத்து வந்த தமிழ்ப் படம். அவரும் டி. ஏ. மதுரமும் பல படங்களில் சோடியாக நடித்தார்கள். மதுரம் வெறும் அலங்காரமாக நின்றவர் அல்லர், பேச்சுக்குப் பேச்சு கொடுத்தவர். இலங்கையில் 1976இல் வந்த 'கோமாளிகள்' வானொலி நாடகத்திலிருந்து பிறந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று வெவ்வேறு பேச்சுவழக்கு உள்ளவர்களை ஒரே கூரையின்கீழ் கூட்டிவந்து, எல்லோரையும் வைத்துச் சிரிக்க வைத்தது.

ஆகவே, பாலியல் பகிடி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அவருக்குத் திருப்பிப் பேச இடம் இருக்கிறதா? காட்சி முடிந்த பிறகு அந்தப் பழியைச் சுமப்பவர் யார்? மோகக் கதையின் அசடர் இந்தச் சோதனையில் தேறுவார். உடம்பையோ சாதியையோ ஊனத்தையோ வைத்துச் செய்த பகிடி, அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாவிட்டாலும் தேறாது.

தணிக்கைச் சான்றிதழ் வயதைச் சொல்லும், நியாயத்தைச் சொல்லாது. தியேட்டர் வாசலில் வயது கேட்க ஓர் ஆள் நின்ற காலமும் போய்விட்டது. கைபேசியைப் பறிப்பதால் பிள்ளைக்கு ஒளித்துப் பார்க்கத்தான் தெரியவரும். அதைவிட, பக்கத்தில் இருந்து பார்த்து, "இதில ஆரைப் பார்த்துச் சிரிச்சனி?" என்று கேட்கலாம். பதில் சொல்லப் பழகிய பிள்ளை, அடுத்த படத்தைத் தானே எடைபோடும்.