பத்து வருடமும் அயலவன் காணியும்

சில காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு தம்பி குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"ஐயா, நான் அந்தத் தோட்டத்தைப் பத்து வரியத்துக்கு மேலாச் செய்யிறன். காணிக்காரர் ஒருநாளும் வந்து பாக்கேல்லை. இனி அது எனக்குத்தானே?"

அவர் 1990இல் சிறுவனாகப் பெற்றோரோடு இடம்பெயர்ந்து வந்தவர். அவருடைய குடும்பக் காணி பல வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. விடப்பட்ட பிறகு போய்ப் பார்த்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. அயலில் முதலில் குடியேறிய ஒருவர் கதியாலை இவருடைய பக்கம் தள்ளி நட்டிருந்தார். அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் முழங்காலில் நின்று மன்றாடியதே அந்த வேலிக்காகத்தான். அதே வாயால்தான், தான் செய்கிற காணி தனக்கு வருமா என்றும் அவர் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்பான வாசகர்களே, எங்களில் பலர் இந்த இரண்டு பக்கத்திலும் நிற்கிறோம். எங்கள் காணியை யாரோ ஆளுகிறார்கள். யாரோ ஒருவருடைய காணியில் நாங்கள் கொட்டில் போட்டிருக்கிறோம், வெங்காயம் நடுகிறோம், அவர் வைத்த தென்னையில் தேங்காய் பிடுங்குகிறோம். விசுவாசத்தை அன்றாட வாழ்வில் வாழ்வது எப்படி என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். எங்களைப் போன்ற கமக்காரருக்கு அந்தக் கேள்வி முதலில் எழுவது வேலியடியில் என்பதே என் எண்ணம்.

சட்டம் சொல்வது

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று இன்னும் எமது நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒருவர் ஒரு தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றித் தொடர்ந்து பத்து வருடம் ஆண்டால், தனக்கே உரிமை என்று நீதிமன்றத்தில் தீர்ப்புக் கேட்கலாம். "ஆட்சி உரிமை" என்று சனங்கள் பேசிக்கொள்வது இதைத்தான். அரச காணிக்கு இந்தப் பத்து வருடக் கணக்குச் செல்லாது. அனுமதிப்பத்திரக் காணியின் பிணக்குகளைப் பிரதேச செயலகத்திலேயே தீர்க்க வேண்டும்.

யுத்தத்தால் ஓடியவர் எப்படிப் பத்து வருடத்துக்குள் வழக்கு வைப்பார்? இந்த அநீதியை உணர்ந்து 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையைக் கோர முடியாமல் இருந்தவர்களுக்கு அது நிவாரணம் தர முயன்றது. அது யாருக்கு, எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதைத் தெருவில் கேட்டு முடிவெடுக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

ஆகவே அந்தத் தம்பியின் கேள்விக்குச் சட்டம் சில வேளை "ஆம்" என்றும் சொல்லக்கூடும். ஆனால் அவர் சட்டத்தரணியிடம் போகாமல் ஜெபக்கூட்டத்தில் என்னிடம் ஏன் கேட்டார்? அவருடைய மனச்சாட்சி இன்னும் விழித்திருந்தது என்பதே காரணம்.

வேதம் சொல்வது

வேதாகமத்தில் இடம்பெயர்ந்தோரின் கதைகள் நிறைய உண்டு. நகோமி பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போய் ஏறக்குறைய பத்து வருடம் அங்கே இருந்தாள். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்த பின், அவள் குடும்பத்து வயலின் காரியம் ஒளிவுமறைவாக முடிக்கப்படவில்லை. ஊர் வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் பேசித் தீர்க்கப்பட்டது.

இன்னொரு கதை இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. இதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் குறைவு. எலிசா தீர்க்கதரிசியின் சொல்லைக் கேட்டுச் சூனேமியாளாகிய ஒரு தாய் தன் வீட்டாரோடு பெலிஸ்தர் நாட்டுக்கு இடம்பெயர்ந்தாள். ஏழு வருடத்தின் பின் திரும்பி வந்து, தன் வீட்டுக்காகவும் வயலுக்காகவும் அரசனிடம் முறையிட்டாள். அரசன் ஓர் அதிகாரியை நியமித்தான். அவளுடைய வீட்டையும் வயலையும் மாத்திரமல்ல, அவள் நாட்டை விட்டுப் போன நாள் முதல் அந்த வயல் கொடுத்த விளைச்சலின் பலனையும் அவளுக்குக் கொடுக்கும்படி கட்டளையிட்டான்.

ஏழு வருட விளைச்சல்! இடம்பெயர்ந்தவர் இல்லாத காலத்திலும் காணி அவருடையதே. தேவனுடைய கணக்குப் புத்தகத்தில் அவருடைய பெயர் வெட்டப்படவில்லை. எல்லைக் குறியை நகர்த்தாதே என்று மோசேயின் சட்டம் கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான். ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது அதற்கும் ஒரு விசாரணையும் சாட்சிகளும் இருந்தன. எல்லாம் சட்டப்படி நடந்ததுபோலவே தெரிந்தது. ஆனாலும் எலியா அவனை விடவில்லை.

அயலவர் யார்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் மிகச் சிறிய தொகைப் பணத்தோடும் கையில் எடுத்த சாமானோடும் போனார்கள். ஐந்து வருடத்தின் பின், 1995 ஒக்ரோபர் இறுதியில், வலிகாமத்து மக்களாகிய நாங்களே இரவோடிரவாக நாவற்குழிப் பக்கம் நடந்தோம். அப்போதுதான் எங்களில் சிலருக்கு அவர்களுடைய நினைவு வந்தது.

ஆளில்லாத வளவின் சொந்தக்காரர் முஸ்லிமாக இருக்கலாம், சைவராக இருக்கலாம், கனடாவில் இருக்கும் எங்கள் சபையாராகவே இருக்கலாம். யாராக இருந்தாலும் எல்லைக் கல் ஒன்றுதான். ஊரில் எங்களை "வேதக்காரர்" என்று அழைப்பார்கள். வேதக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டார் என்ற பேச்சு ஒரு ஊரில் எழுந்தால், அங்கே பத்துச் சுவிசேஷக் கூட்டம் நடத்தியும் பயனில்லை. வேதக்காரரிடம் விட்ட காணி விட்டபடி இருந்தது என்ற பேச்சு எழுந்தால், துண்டுப்பிரசுரம் கொடுக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். நிவாரண மூட்டையோடு மதத்தையும் கட்டிக் கொடுக்கிறார்கள் என்று எங்கள் மேல் குற்றச்சாட்டு உண்டு. அதற்கு நல்ல பதில், பிரதிபலன் எதிர்பாராத நேர்மைதான்.

செய்யக்கூடியவை

நல்ல எண்ணம் மட்டும் போதாது. அந்தத் தம்பிக்கு நான் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, காணிக்காரருக்கு அறிவியுங்கள். விலாசம் தெரியாவிட்டால் கிராம அலுவலர் மூலமோ உறவினர் மூலமோ தேடுங்கள். "உங்கள் காணியை நான் செய்கிறேன், அது உங்களுடையது" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். போகத்துக்கு ஒருமுறை சிறு குத்தகையோ விளைச்சலில் ஒரு பங்கோ கொடுங்கள், ஒரு மூட்டை நெல் என்றாலும் சரி. நான் மேலே சொன்ன 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே, வாடகையோ விளைச்சலோ கொடுத்து மற்றவரின் உரிமையை ஏற்றுக்கொண்டு ஆளுபவருக்கு அந்தப் பத்து வருட உரிமை பிறப்பதில்லை. உங்கள் மனச்சாட்சி சொல்லும் காரியமே அயலவரின் காணியைச் சட்டத்திலும் காப்பாற்றுகிறது.

இரண்டாவது, செலவை எழுதி வையுங்கள். பற்றை வெட்டியது, கிணறு இறைத்துத் துப்புரவாக்கியது, வேலி அடைத்தது எல்லாம் உங்கள் வியர்வை. காணிக்காரர் வரும்போது அதை மறைக்காமல் கேட்பதில் பாவமில்லை. ஆனால் வேம்பையும் பனையையும் தறித்து விற்காதீர்கள்.

மூன்றாவது, எல்லை தெரியாவிட்டால் தனியே வேலி போடாதீர்கள். இரு வீட்டாரும், ஊரில் பழைய எல்லை அறிந்த பெரியவர்களும் சேர்ந்து நின்று கயிறு பிடியுங்கள். முடியாவிட்டால் நில அளவையாளர், அதன்பின் மத்தியஸ்த சபை. நீதிமன்றம் கடைசியாகவே இருக்கட்டும்.

காணிக்காரருக்கும் ஒரு சொல் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து, பயிர் நிற்கும்போதே "நாளைக்கு எழும்பு" என்று சொல்வதும் விசுவாசத்துக்கு அடுத்ததல்ல. வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கும்படி லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பதினாறு பரப்பு வைத்திருப்பவர், ஒரு பரப்பும் இல்லாத குடும்பத்துக்கு நான்கு பரப்பை நியாயமான குத்தகைக்கு எழுத்தில் கொடுக்கலாம். பங்குக் கிணற்றில் இறைப்பு முறையை மறுக்காமல் விடலாம். அறுவடை முடியும் வரை பொறுக்கலாம்.

அந்தத் தம்பி அன்று எனக்குப் பதில் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பின்பு ஒருநாள் வழியில் கண்டபோது, "ஐயா, கடிதம் போட்டிட்டன். என்ன சொல்லுவினமோ தெரியாது" என்றார். முகத்தில் பயம் இருந்தது. ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போடும் தோட்டம் அது. பயம் வரத்தான் செய்யும். விசுவாசம் என்று நாங்கள் சொல்வது இந்தப் பயத்தோடேயே செய்யும் காரியத்தைத்தான் என்று எண்ணுகிறேன்.

அவர் தன் அயலவரிடம் திரும்பக் கேட்கும் காணியை, தன் கையில் உள்ள காணியைக் கொடுத்த வாயால் இப்போது கேட்கிறார். அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு பாரம் இருக்கும்.

வருகிற காலபோக விதைப்புக்கு முன்பு நீங்கள் நிற்கிற காணி யாருடையது என்று யோசியுங்கள். அது மற்றவருடையதென்றால் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சபையில் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அதுவும் நற்செய்திப் பணிதான்.