கல்வெட்டுக்கு மாலை, களத்து நெல்லுக்கு மழை

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், தம் உரையில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். அதே நாளில் தில்லியின் எல்லைச் சாலைகளில் உழவர்கள் டிராக்டர்களோடு அமர்ந்திருந்தனர். தங்களைக் கலக்காமல் இயற்றிய மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறவேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. சட்டங்கள் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வருகிறது. அங்கே இன்றும் நெல் விளைகிறது என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நம் வழக்கு இந்த மறதியோடுதான்.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் முதன்மையாக ஒரு நிர்வாக விதித்தொகுப்பு. ஏரி வாரியத்துக்கு எத்தனை பேர், தோட்ட வாரியத்துக்கு எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தகுதி என்று கணக்காகப் பேசுகிறது கல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இதைப் பொற்காலம் என்று கொண்டாட நாம் வரவில்லை. வரி செலுத்தும் கால் வேலி நிலம் உடையவருக்கே அங்கே இடம். வேதம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். அந்த நிலத்தை உழுதவர் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. ஆயினும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விதிகளை எழுதியவர்களுக்கு ஏரி எப்போது நிரம்பும், கதிர் எப்போது முற்றும் என்பது தெரிந்திருந்தது.

இன்றைய விதிகளை எழுதுபவர்களுக்கு அது தெரியவில்லை. காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. அரசின் கொள்முதல் ஆண்டோ அக்டோபரில் தொடங்குவது. அது பஞ்சாபின் அறுவடைக்குத் தைத்த சட்டை. 2022 முதல் தமிழகத்துக்கு ஒரு மாதம் முன்னதாக, செப்டம்பர் 1 அன்றே தொடங்க இசைவு கிடைத்துவருகிறது. நல்லதுதான். ஆனால் சொர்ணவாரி ஆகஸ்டிலேயே களத்துக்கு வந்துவிடும். 2025 ஆகஸ்ட் 31 வரை நிலையத்தில் போட்ட சன்ன ரக நெல்லுக்கு, மாநில ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். மறுநாள் போட்டவருக்கு 2,545. ஒரே மண், ஒரே விதை, ஒரே உழைப்பு. ஓர் இரவு இடைவெளிக்கு 95 ரூபாய். வைத்திருந்து விற்கலாமே என்பார்கள். எங்கே வைப்பது? கிடங்கு உடையவர் வைக்கலாம். கடன் வாங்கி நட்டவருக்குத் தார்ப்பாய்தான் கிடங்கு.

அடுத்தது ஈரப்பதம். 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் இல்லை. கதிர் அறுக்கும் எந்திரம் வந்தபின் நெல் வயலிலிருந்து ஈரத்தோடுதான் வருகிறது. தாளடித்துப் பரப்பிக் காயவைக்க முன்புபோல் ஆளும் இல்லை, அத்தனை களமும் இல்லை. மழை பெய்து நெல் முளைவிட்ட பிறகு மாநில அரசு கடிதம் எழுதும். மத்தியக் குழு மாதிரி எடுக்க வரும். பிறகு முடிவு வரும். 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரை தளர்வு கிடைத்தது. 2025 அக்டோபரில் 22 விழுக்காடு கேட்டு மறுபடி கடிதம், மறுபடி குழு. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. அதை ஆண்டுதோறும் எதிர்பாராத விபத்தாகப் பாவிக்கும் விதியை என்னவென்று சொல்வது? ஈர நெல்லைத் தனியார் வியாபாரி விலை குறைத்தாவது வாங்குகிறார். ஈரத்துக்கேற்ப எடை கழித்து வாங்கவும், நிலையத்திலேயே உலர்த்தவும் அரசுக்கு என்ன தடை?

மூன்றாவது காகிதம். நெல்லைப் போட சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரிடம் இவை இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு கேட்டால் மறு ஆண்டு நிலம் கிடைக்காது என்பதே ஊர் வழக்கம். எனவே உழுதவர் வியாபாரியிடம் மலிவாக விற்கிறார். அதே நெல் வேறொருவர் சிட்டாவில் ஏறி நிலையத்துக்குப் போக வழி திறந்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கால் வேலி கேட்ட கல், இன்று வேறு உருவில் நிற்கிறது.

சந்தையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்போர் உண்டு. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. விலை ஏறும்போது கதவைச் சாத்துபவர்கள், இறங்கும்போது சந்தையின் இயல்பு என்கிறார்கள். இது திறந்த சந்தையா? மறுபுறம், விதிகளே வேண்டாம் என்பதும் நம் வாதம் அல்ல. நியாயவிலைக் கடையின் அரிசிக்குத் தரம் வேண்டும், பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டும். தொழில் செய்பவர் கேட்பது சலுகை அன்று, முன்கூட்டியே தெரிந்த விதி. துணிக்கடைக்காரரிடம் நாளைய விலையை நள்ளிரவில் சொல்லுவோம் என்றால் அவர் கடை நடத்துவாரா?

நல்ல விதி எழுத முடியாததல்ல. ஏரி வண்டலை வயலுக்கு எடுக்க மாவட்ட ஆட்சியர் வரை போகவேண்டியிருந்த நிலையை மாற்றி, 2024இல் வட்டாட்சியரே கட்டணமின்றி அனுமதி தரலாம் என்றது தமிழக அரசு. ஏரி தூர் குறைகிறது, வயல் உரம் பெறுகிறது. முடிவெடுப்பவர் ஏரிக்கு அருகில் வந்தார், அவ்வளவுதான்.

இதே வழியில் மூன்று கேட்கிறோம். பட்டத்தைப் பார்த்து விலை மாறும் நாளை வகுங்கள். மழை மாதங்களுக்கு ஈரப்பத விதியை முன்னதாகவே எழுதிவையுங்கள். உழுபவர் பெயரை அடங்கலில் ஏற்றுங்கள். இவற்றோடு ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் அன்றன்று வாங்கிய மூட்டை, கொடுத்த பணம், நிலுவை ஆகியவற்றைப் பலகையில் எழுதுங்கள். கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்ற ஊரில் இது பெரிய கோரிக்கை அன்று. உத்திரமேரூரை மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்கள், அந்தக் கல்வெட்டின் இந்த ஒரு விதியையாவது நடைமுறைப்படுத்தட்டும்.